பால் பைத்தானுக்கு வீட்டில் வளர்த்த எலி: வதைக்காமல் கொல்ல என்ன வழி?

கோவை_பைத்தான்
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) இருக்கிறது (அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ததுதான், அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்). உறைய வைத்த எலி எங்கள் பக்கம் கிடைப்பது பெரும்பாடு என்பதால் வெள்ளை எலி ஜோடி ஒன்றை வாங்கி விட்டேன், இப்போது தொட்டி நிறைய குட்டிகள். உயிரோடு உள்ளே விட இஷ்டமில்லை, மூலையில் மாட்டிய எலி பாம்பைக் குதறிவிடும். கொன்றுதான் கொடுக்கப் போகிறேன். ஆனால் யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒருவர் ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றி டப்பாவை மூடச் சொல்கிறார், இன்னொருவர் அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் தூங்கியபடியே போய்விடும் என்கிறார். நிஜமாகவே எது சரி?

எலிவளை
ஃப்ரீசர் பேச்சையே விடுங்கள். அது தூக்கமில்லை, குளிரில் விறைத்துச் சாவது. சோடா வினிகரும் வேண்டாம்; எவ்வளவு வாயு வருகிறது என்று உங்களுக்கே தெரியாது, பாதி மயக்கத்தில் எலி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு என்றால் சிலிண்டர்தான். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி சொல்வது, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் வாயு உள்ளே போக வேண்டும். 20 லிட்டர் டப்பா என்றால் 6 முதல் 14 லிட்டர். முதலிலேயே வாயுவை நிரப்பிவிட்டு எலியைப் போடக் கூடாது, அடர்த்தி அதிகமானால் மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரியும், அதற்கு முன்பே எலி நினைவிழக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு விற்கிற ரெகுலேட்டர் குமிழ் குமிழாக விடுவதற்கானது, இதற்கு உதவாது, லிட்டர் காட்டும் ஃப்ளோ மீட்டர் தனியாக வேண்டும். மூச்சு நின்ற பிறகும் ஒரு நிமிடமாவது வாயு ஓடட்டும். அப்புறம் இதயத் துடிப்பு இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் ஃப்ரீசர். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது.

மாட்டுடாக்டர்
மேலே சொன்னது சரி, ஆனால் பிறந்து 10 நாள் ஆகாத குட்டிகளிடம் இது பலிக்காது. ஆக்சிஜன் குறைவை அவை தாங்கும், அரை மணிக்கு மேலும்கூட உயிர் இருக்கும். செத்துவிட்டது என்று ஃப்ரீசரில் வைத்தது உள்ளே நெளிந்த கதையெல்லாம் இப்படித்தான். உங்கள் பாம்புக்குப் பிங்கி (ரோமம் முளைக்காத குட்டி) தேவையே இல்லையே, வளர விடுங்கள்.

கழுத்தெலும்பை விலக்குவது இன்னும் வேகம், ஆனால் எலி 200 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், கையும் பழகியிருக்க வேண்டும். வீடியோ பார்த்துச் செய்கிற வேலையில்லை, தெரிந்தவர் பக்கத்தில் நின்று, செத்த எலியில் பழக்கிவிட வேண்டும். அப்புறம், என்னைப் போல யாராவது ஊசி போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மருந்து எலியின் உடம்பிலேயே தங்கும், தின்கிற பாம்பும் போய்விடும்.

சட்டை_உரிச்சவன்
வாயுவை ரொம்ப நல்ல பிள்ளையாக்கி விடாதீர்கள். தப்பிக்க வழி இருந்தால் எலி அதை விட்டு ஓடுகிறது என்று ஆய்வுக்கூடத்துக்காரர்களே சண்டை போடுகிறார்கள். வேறு சுலபமான வழி இல்லாததால்தான் அதைச் சகித்துக்கொள்கிறோம்.

ப்ரோ, நான் கேட்பது வேறு. வளர்ந்த பால் பைத்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு எலி தின்றால் அதிகம். உங்கள் பெட்டை எலி 22 நாளில் எட்டு பத்து குட்டி போடும், ஆண் கூடவே இருந்தால் போட்ட அன்றே மறுபடி சினைபிடிக்கும். ஆணைத் தனியாக வையுங்கள், குட்டிகளையும் ஐந்து வாரத்துக்குள் ஆண் பெண்ணாகப் பிரித்துவிடுங்கள். ஒரு ஈற்று உங்களுக்குப் பல மாதத் தீனி.

கோவை_பைத்தான்
ஆணை இன்றைக்கே பிரித்துவிட்டேன். டாக்டர் சார், கழுத்து முறையை நேரில் காட்டித் தருவீர்களா? சிலிண்டருக்கு இங்கே விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

மாட்டுடாக்டர்
தாராளமாக. தனிச்செய்தியில் வாங்க. எலிகளின் எடையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், 200 தாண்டியதெல்லாம் தனியாக இருக்கட்டும்.