எட்டு ஜிபி லேப்டாப்பில் நெட்வொர்க்கிங் கற்க முடியுமா?

கோத்தகிரி_பையன்: பி.காம். முடித்துவிட்டு சிஸ்டம் அட்மின் வேலைக்குத் தயாராகிறேன். எட்டு ஜிபி ரேம் லேப்டாப் இருக்கிறது. அதற்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷினே போதுமா, கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கட்டுமா?

கேபிள்காரர்: வாங்கு தம்பி. லேப்டாப்புக்குள் இரண்டு லினக்ஸ் போட்டு, பதில் வருகிறதா என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் அடிப்பது விளையாட்டு. கோவைக்கு இறங்கினால் செட்டிங்கை நாமே மாற்றக்கூடிய பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் கிடைக்கும்.

குன்னூர்_லினக்ஸ்: அந்த விளையாட்டிலேயே பாதிப்பேர் தடுக்கி விழுகிறார்கள் அண்ணா. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இரண்டு மெஷினை நேட்டில் (லேப்டாப்பின் முகவரி வழியாக வெளியே போகும் முறை) விட்டால் இரண்டுக்குமே 10.0.2.15 என்ற ஐபி முகவரிதான் வரும். இரண்டிலும் இணையம் ஓடும், ஒன்றையொன்று பார்க்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேட் இருப்பதுதான் காரணம்.

தம்பி, டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸ் மூன்று போடு. தலைக்கு 1 ஜிபி தாராளம். நடு மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு, ஓரத்து இரண்டும் வெவ்வேறு இன்டர்னல் நெட்வொர்க்கில் (மெஷின்களுக்குள் மட்டும் ஓடும் தனி வலை). ஓரத்து மெஷின்களுக்கு நடு மெஷினையே கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாகக் கொடு. நடுவில், வந்துபோகும் தரவுப் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்: பாக்கெட் உள்ளே வரும், வெளியே போகாது. ஒரு கார்டில் வந்ததை மறு கார்டில் அனுப்பும் ஐபி ஃபார்வர்டிங் லினக்ஸில் இயல்பாக அணைந்தே இருக்கும். அதைப் போட்ட பிறகும் பதில் வராவிட்டால், எதிர்ப்பக்கத்து மெஷினுக்குத் திரும்பி வர ரூட் (வழி) இல்லை என்று அர்த்தம்.

ஊட்டி_மேகம்: இதெல்லாம் எதற்கு? கிளவுடில் ஒரு மெஷின் எடுத்தால் முடிந்தது.

குன்னூர்_லினக்ஸ்: அமேசான் கிளவுடின் தனி நெட்வொர்க்கான விபிசியில், எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட்டே போகாது. ஏஆர்பி (ஐபியை வைத்து கார்டின் முகவரியைக் கேட்பது), விலான் (ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்காகப் பிரிப்பது) எல்லாம் எங்கே பழகுவது? மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் உங்கள் மேகம் ஊட்டி மேகத்தோடு போய்விடும்.

கேபிள்காரர்: ரூட்டிங் சரி, ஒத்துக்கொள்கிறேன். கூடலூர் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் "நெட் மெதுவாக இருக்கிறது" என்றார்கள். சர்வரைக் குடைந்தவர்கள் யாரும் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஈரம் ஏறி ஒரு ஜோடிக் கம்பி பச்சை பூத்திருந்தது. கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்குக் கேபிளின் நாலு ஜோடியும் வேண்டும். இங்கே லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. இதை எந்த விர்ச்சுவல் மெஷின் சொல்லிக்கொடுக்கும்?

குன்னூர்_லினக்ஸ்: சொல்லிக்கொடுக்காதுதான். ஆனால் அதற்கு ஸ்விட்ச் எதற்கு? கேபிள் முனையில் கனெக்டர் பொருத்தும் ஒரு கிரிம்பிங் டூலும் கொஞ்சம் கேபிளும் போதும். லூப் விழுந்து பாக்கெட் வட்டமடித்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு லினக்ஸ் பிரிட்ஜை (மென்பொருள் ஸ்விட்ச்) இரட்டை இணைப்பால் பின்னியே பார்க்கலாம். லூப்பைத் தடுக்கும் எஸ்டிபி அணைந்திருந்தால் லேப்டாப் ஃபேன் கத்தும். வேலை செய்கிற ஆபீஸில் அதைச் செய்துபார்க்க எவன் விடுவான்?

கேபிள்காரர்: சரி, முதலில் கிரிம்பிங் டூல். ஸ்விட்ச் முதல் சம்பளத்தில்.

கோத்தகிரி_பையன்: அண்ணா, இன்டர்னல் நெட்வொர்க் போட்டேன். இப்போது ஐபியே வரவில்லையே?

குன்னூர்_லினக்ஸ்: வராது. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி அதில் தானாக இருக்காது. முகவரியைக் கையால் போடு.