கார்ல்டன் கல்லூரி: பருவத்துக்கு மூன்றே பாடம் என்றால் சுலபமா?

பொருநை:
வணக்கம். மகளுக்கு அமெரிக்காவில், மினசோட்டா மாநிலம் நார்த்ஃபீல்டில் உள்ள கார்ல்டன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். கணிதமா, கணினியா, பொருளாதாரமா என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் சொன்னால் போதுமாம், அதுவே எங்களுக்குப் புதுசு.

பருவத்துக்கு மூன்று பாடம்தான் என்கிறார்கள். இங்கே பொறியியலில் ஆறு தாள் எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தெரிகிறது. நாலாவதாக ஒன்றைச் சேர்த்து எடுத்து மூன்று வருஷத்தில் முடிக்க முடியுமா? வளாக வேலை, வரி, விசா விஷயங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? நவம்பர் கடைசியிலிருந்து ஆறு வாரம் விடுமுறை என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? சைவச் சாப்பாடு, குளிர் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துவாரம்:
பொருநை சார், எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே வருஷத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் பத்தே வாரம். ஒரு பாடத்துக்குத் திங்கள், புதன் 70 நிமிடம், வெள்ளி 60 நிமிடம். செவ்வாய்-வியாழன் பாடமாக இருந்தால் ஒவ்வொரு நாளும் 105 நிமிடம். மற்ற கல்லூரிகள் 15 வாரம் ஓட்டுவதை இப்படித்தான் பத்து வாரத்துக்குள் அடைக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே முதல் தேர்வு வந்துவிடும். செவ்வாய்-வியாழன் வகுப்பு ஒன்றைத் தவறவிட்டால் மொத்தப் பாடத்தில் இருபதில் ஒன்று போச்சு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பத்தில் ஒன்று. அதனால் உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே பேராசிரியருக்கு மெயில் போட வேண்டும், எழுந்து நடமாடிய பிறகு அல்ல.

வேலை முழுக்க வகுப்புக்கு வெளியேதான். கணிதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டுக்கணக்கு. வரலாறு, இலக்கியம் என்றால் அடுத்த வகுப்புக்குள் ஐம்பது பக்கமாவது வாசித்து, பேசத் தயாராகப் போக வேண்டும். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. இருபது பேர் உட்காரும் அறையில் ஒளிந்துகொள்ளப் பின் பெஞ்ச் கிடையாது. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: தேர்வை நன்றாக எழுதுவார்கள், வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள்.

கிரெடிட் (பாடத்தை முடித்தால் கிடைக்கும் அலகு) கணக்கு இது. பட்டத்துக்கு 210. ஒரு பாடம் 6, ஒரு பருவத்துக்கு 18. பன்னிரண்டு பருவத்துக்கு 216. ஆக நான்கு வருஷத்தில் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு பாடம். முதல் வருஷத்தில் பயந்துபோய் ஒன்றைக் கைவிட்டால் அந்த மிச்சம் அங்கேயே காலி. இரண்டாவது முறை கைவிட்டால் பின்னால் எப்போதாவது கூடுதலாக எடுத்து ஈடுகட்ட வேண்டும். மூன்று வருஷத்தில் முடிக்க 210-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்: பருவத்துக்கு 23-க்கு மேல். அதாவது ஒன்பதில் எட்டுப் பருவம் நாலு பாடம். அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம்; கணிதத்தில் எந்த மட்டத்தில் தொடங்கலாம் என்பதற்கு வேண்டுமானால் அது உதவும்.

முதல் பருவத்தில் 'ஆர்க்யூமென்ட் அண்ட் இன்கொயரி' என்ற கருத்தரங்கு கட்டாயம். மற்ற இரண்டில் ஒன்று கணக்கு போடுகிற பாடமாகவும், இன்னொன்று மொழியாகவோ கலையாகவோ இருக்கட்டும். இரண்டு ஆய்வகப் பாடங்களை ஒரே பருவத்தில் சேர்க்கக் கூடாது, ஒவ்வொன்றும் ஒரு மதியம் முழுவதையும் விழுங்கும். பட்டத்துக்கான பிற மொழித் தேவைக்குப் புதிதாக ஒரு மொழி தொடங்குவதானால் இலையுதிர் பருவத்திலேயே தொடங்கட்டும். 101, 102, 103 என்று வரிசையாக ஓடும் பாடம் அது. முதல் படியை விட்டால் பெரும்பாலும் அடுத்த செப்டம்பர்தான். அதற்கு முன் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், தமிழ் தெரிந்திருப்பது இந்தத் தேவைக்குக் கணக்காகுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டாம் வருஷ முடிவில் எழுத்துத் தொகுப்பு ஒன்று சமர்ப்பிக்க வேண்டும்: அதுவரை எழுதிய கட்டுரைகளில் மூன்று முதல் ஐந்து, வெவ்வேறு துறைகளிலிருந்து, கூடவே தன் எழுத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு கட்டுரையையும், அதற்கான கேள்வித்தாளோடு சேர்த்து, ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பொருநை:
ரொம்ப நன்றி. 216 கணக்கை மகளிடம் காட்டினேன், மூன்று வருஷப் பேச்சை விட்டுவிட்டாள். கணினிப் பாடத்தில் இடம் கிடைப்பதே கஷ்டம் என்கிறார்களே?

பத்துவாரம்:
உண்மைதான், அதிலும் மேல் வகுப்புப் பாடங்களில். முதல் பாடம் சிஎஸ் 111. பதிவு நாளில் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்காருவதுதான் வழி. முதல் வாரத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கணினியும் கணிதமும் இரண்டுமே மனதில் இருந்தால், காத்திருக்கும் பருவத்தில் லீனியர் அல்ஜீப்ராவை முடித்து வைப்பது புத்திசாலித்தனம், எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது.

மாட்டிக்கொண்டால் போய் உட்கார இடங்கள் உண்டு. முதுநிலைப் படிப்பே இல்லாத கல்லூரி, அதனால் பாடம் நடத்துவது பேராசிரியர்தான், ஆபீஸ் அவர்ஸில் (மாணவரைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) கதவைத் திறந்து வைத்திருப்பதும் அவர்தான். கணித உதவி மையமும், கட்டுரைக்கு ரைட்டிங் சென்டரும் இருக்கின்றன. கணக்கு வரவில்லை என்று வெறும் கையோடு போகாமல், எந்த வரி வரை வந்தது, எங்கே நின்றது என்று எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். கூடிப் படிக்கலாமா, தனியாக எழுதித் தர வேண்டுமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். அது சிலபஸிலேயே இருக்கும். நண்பர் விடையைப் பார்த்து எழுதுவதை நம் ஊரில் போல லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை:
விசா, வரி பற்றி நான் சொல்கிறேன்.

எஃப்-1 (மாணவர் விசா) உள்ளவர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அது சட்டத்தின் மேல் எல்லை. கல்லூரி கொடுப்பது பொதுவாக அதில் பாதியளவுதான். போன் கட்டணம், புத்தகம், சோப்பு, பஸ் செலவுக்கு ஆகும்; கட்டணத்துக்கு ஆகாது. வேலை உறுதியான கடிதம் கையில் வந்த பிறகுதான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் அரசு எண்) விண்ணப்பிக்க முடியும்.

சம்பளமே வாங்காவிட்டாலும் வருஷா வருஷம் அமெரிக்க வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். சம்பளம் வந்தால், அங்கே நிரந்தரமாக வசிக்காதவருக்கான வரிப் படிவம் 1040-என்ஆர். இதில் பலர் செய்யும் தப்பு: அமெரிக்க நண்பர்கள் பயன்படுத்தும் வரி மென்பொருளில் சாதாரண 1040 போட்டு அனுப்பிவிடுவது. பிறகு திருத்த மனு போட்டு அலைய வேண்டியிருக்கும். இந்திய மாணவருக்கு ஒரு சலுகை உண்டு: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, என்ஆர் படிவத்திலேயே ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் வரியில்லாமல் கழியும் நிலையான தொகை) கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. கல்லூரி தரும் உதவித்தொகையில் விடுதி, சாப்பாட்டுக்கான பங்கு வரிக்கு உட்பட்டது. அதற்கு 14 சதவீதம் பிடித்திருந்தால் மேற்படி கழிவைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (ஓய்வூதியம், முதியோர் மருத்துவத்துக்கான பிடித்தம்) பிடித்திருந்தால் உடனே சம்பளப் பிரிவில் சொல்லுங்கள். எஃப்-1-இல் முதல் ஐந்து காலண்டர் வருஷத்துக்கு அது பிடிக்கக் கூடாது.

பொருளாதாரம் எடுப்பதானால் ஐ-20-இல் (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) துறைக் குறியீட்டைப் பாருங்கள். 45.0603 என்றால் படிப்புக்குப் பின் 12 மாத ஓபிடி (அங்கேயே வேலை பார்க்கும் அனுமதி) முடிந்து இன்னும் 24 மாத நீட்டிப்புக்கு வழி உண்டு. 45.0601 என்றால் இல்லை. மூன்றாம் வருஷத்தில் தெரிந்து பிரயோசனமில்லை.

ஒரு பாடத்தைக் கைவிடுமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டாக வேண்டும். பதிவு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலைக்கே சிக்கல். முதல் வருஷக் கோடையில் வெளியே இன்டர்ன்ஷிப் என்றால், முழுசாக ஒரு கல்வியாண்டு முடிந்து, சிபிடி (படிப்போடு சேர்ந்த வேலைக்கான) அனுமதி ஐ-20-இல் ஏறிய பிறகுதான் வேலையில் கால் வைக்க வேண்டும். அனுமதி வரும் முன் ஒரு நாள்கூடக் கூடாது.

இன்னொரு இடைஞ்சல்: கார்ல்டனில் கோடை ஜூன் தொடக்கத்தில்தான் வரும். மே மாதமே தொடங்கும் நிறுவனங்களிடம் நேர்காணலின்போதே தேதியைச் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் நடு வரை வேலை பார்க்க முடியும் என்பதையும் கூடவே சொல்லலாம்.

வடதுருவம்:
குளிர் பற்றி. ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் சாதாரணம், மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். கோட்டை இந்தியாவில் வாங்காதீர்கள். இங்கே விற்பது மணாலிக்குச் சுற்றுலா போகத்தான் தாங்கும். அங்கே போய் அக்டோபரில் வாங்கலாம், மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரியும் இல்லை. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்று புகாத கோட்டு. ஜீன்ஸ் மட்டும் போட்டு நடந்தால் தொடை மரத்துப்போகும். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கம்பளி சாக்ஸ் இறுக்கினால் விரலுக்கு ரத்தம் போகாது.

சாப்பாட்டுக் கூடங்கள் பர்ட்டன், எல்டிசி என்று இரண்டு. சைவம் தினமும் உண்டு, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காரம் இருக்காது, அதற்குப் பொடி டப்பாதான் துணை. சுங்கத்தில் பொடி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் காட்டிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கிருந்து 230 வோல்ட் மிக்ஸி, குக்கர் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கே 120 வோல்ட், குக்கருக்குக் கால்வாசி சூடுதான் கிடைக்கும், அரிசி வேகாது. அறையில் எந்தச் சமையல் சாதனத்துக்கு அனுமதி என்று விடுதி விதியைப் பார்த்த பிறகே வாங்கட்டும். டேசி மோசஸ் வீடு என்று ஒன்று வளாகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் அங்கே இருக்கும் மாவு, சர்க்கரையை எடுத்துக் குக்கீ சுடலாம். சுட்டதில் கொஞ்சம் அடுத்தவருக்கு வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிவிட்டு வர வேண்டும், அவ்வளவே. சின்ன ஊரில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு அடுப்படி கிடைப்பது பெரிய விஷயம்.

ஆறு வார விடுமுறைக்கு ஊருக்கு வருவதானால் தேர்வின் கடைசி நாளுக்கு முன் டிக்கெட் போடாதீர்கள், அதற்காகத் தேர்வைத் தள்ளி வைக்க மாட்டார்கள். ஐ-20-இல் பயணக் கையெழுத்து 12 மாதத்துக்குள் போட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே தங்குவதானால் அக்டோபரிலேயே விடுதி அலுவலகத்தில் கேட்டு வைக்கட்டும், சாப்பாட்டுக் கூடம் அந்த வாரங்களில் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்து.