[உதவி] பச்சை பேஸ்ட் போட்டதிலிருந்து சவரக்கத்தி இழுக்குது

தாடித்தம்பி (காலை 6.42)
அவசரம். மடக்கு சவரக்கத்தி. போன வாரம் வரைக்கும் ஓரளவு நல்லாத்தான் போச்சு. பச்சை பேஸ்ட் போட்டா கூர் ஏறும்னு படிச்சிட்டு வார்ல (கத்தியை இழுத்துத் தீட்டுற தோல் பட்டை) தடவித் தீட்டினேன். இப்ப கன்னத்துலயே முடியைப் பிடிச்சு இழுக்குது, கழுத்தெல்லாம் எரிச்சல். ஆனா கை முடியை நல்லா வழிக்குது. இன்னும் கொஞ்சம் பேஸ்ட் போடணுமா? ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஒத்தைக்கல்
என்ன பேஸ்ட்? ட்யூபா, பொடியா, கட்டியா? வார் தொங்க விடுறதா, பலகைல ஒட்டினதா? எத்தனை தடவை இழுத்தீங்க? கடைசியா எந்தக் கல்லுல தீட்டினது? இந்த நாலும் தெரியாம சொன்னா அது ஜோசியம். அதுவரைக்கும் இன்னொரு கோட் மட்டும் போட்டுடாதீங்க.

நுரைக்கிண்ணம்
அரை பிளேடு மாட்டுற சலூன் கத்தியா ப்ரோ? அப்படின்னா தீட்டவே வேண்டாம், பிளேடை மாத்துங்க.

தாடித்தம்பி
பிளேடு மாட்டுறது இல்ல ப்ரோ, முழுக் கத்தி. சோலிங்கன்னு பொறிச்சிருக்கு. பேஸ்ட் பச்சைதான்.

வைரத்தூள்
பச்சையை விட்டுத்தள்ளுங்க. பால்சா (லேசான, மெத்துன்னு இருக்கிற மரம்) பலகைல 0.25 மைக்ரான் வைர ஸ்ப்ரே, அப்புறம் 0.1. முடிஞ்சுது கதை. அது 60,000 கிரிட்டுக்கு (துகளோட நைஸ் நம்பர், ஏற ஏற நைஸ்) மேல. பச்சைல இருக்கிற குரோமியம் ஆக்சைடெல்லாம் அந்தக் காலம்.

வாரண்ணா
மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி வருது. மேல தேடுற பெட்டி ஒண்ணு இருக்கு, அழகுக்கு வெச்சதில்ல. கல்லைப் பழகாதவங்க பேஸ்ட்டைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கை முடியை வழிக்குதாம்! 1000 கிரிட் கல்லுல இருந்து இறக்கின கத்தியே கை முடியை வழிக்கும் தம்பி. அது ஒரு சோதனையா?

கரம்பன்
வாரண்ணை, பெடியன் கேட்டதுக்குப் பதிலைச் சொல்லிப்போட்டுப் பிறகு ஏசுங்கோ. தம்பி, "பச்சை" எண்டது ஒரு நிறம் மட்டும்தான். கொம்பனிக்குக் கொம்பனி நிறம் மாறும். சில ஜெர்மன் ட்யூப்பில மஞ்சளுக்குள்ள அரைக்கிற தூளே இல்லை, அது தோலுக்குப் பூசுற கொழுப்பு. என்னத்தைப் பூசினனீங்கள் எண்டு லேபிளைப் பாத்துச் சொல்லுங்கோ. படமும் ஒண்டு போடுங்கோ.

தாடித்தம்பி
லேபிள் எதுவும் இல்ல அண்ணா. ஹார்டுவேர் கடைல ஸ்டீல் பாத்திரத்துக்கு பஃப் பாலிஷ் போடுற பச்சைக் கட்டி. வார்னு சொன்னது பழைய பெல்ட். ஜன்னல்ல மாட்டி இழுக்கிறேன். விறைப்பா இருந்துச்சு, தேங்காய் எண்ணெய் ஊற வெச்சு மெதுவாக்கினேன். 60, 70 தடவை இழுத்திருப்பேன், கொஞ்சம் அழுத்தித்தான். 8000 கல் வீட்ல இருக்கு, ஆனா வாங்கினப்ப வேற ஒருத்தர் தீட்டிக் கொடுத்தது.

ஒத்தைக்கல்
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். பேஸ்ட் பத்தாம இல்ல, கத்தி வாய் உருண்டுபோச்சு.

வார்ல முதுகு முன்னாடி போகும், வாய் பின்னாடி வரும். அழுத்தினா வாய்க்கு அடியில தோல் அமுங்கும். வாய் கடந்த அடுத்த நொடி அமுங்கின தோல் எழும்பி, கூரோட நுனியைப் பின்பக்கமா உரசிட்டுப் போகும். அந்த இடத்துல கோணம் நீங்க பிடிச்ச கோணம் இல்ல, அதைவிடப் பெரிசு. வெறும் தோல்னா பெருசா சேதம் இல்ல. அரைக்கிற தூள் இருந்தா ஒவ்வொரு இழுப்புலயும் நுனி கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு உருளும். எண்ணெய் குடிச்ச பெல்ட், தொய்வு, அழுத்தம், 70 தடவை, எல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்கு.

கட்டியும் தப்பு. சவரத்துக்குக் கேக்குறது 0.5 மைக்ரான் சுத்தமான குரோமியம் ஆக்சைடு. பஃப் கட்டில பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், மெழுகும் இருக்கும். துகள் அளவுக்கு உத்தரவாதம் கிடையாது. சமையல் கத்திக்கு அது தாராளம், முகத்துக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது: பெவல் (வாயை ஒட்டின தீட்டின சரிவு) ரெண்டு பக்கமும் பர்மனென்ட் மார்க்கர் தடவுங்க. 8000 கல்லைத் தண்ணி விட்டு நனைச்சு, முதுகும் வாயும் கல்லுல படிஞ்சிருக்க, வாய் முன்னாடி போற மாதிரி பக்கத்துக்கு ஒரே ஒரு இழுப்பு. கத்தி எடை மட்டும் போதும். நகைக்கடை லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பாருங்க. 10 மடங்கு போதும், 30 இருந்தா நல்லது. மை முழுசா போயிருந்தா தப்பிச்சீங்க, ஒரு 15 போய்வந்து நிறுத்தலாம். வாய் ஓரத்துல மட்டும் நூல் மாதிரி மை நின்னா அந்த அளவுக்கு உருண்டிருக்கு. அந்த நூல் போற வரைக்கும் இழுக்கணும். 40 தாண்டியும் போகலைன்னா 4000-5000 கல்லுக்கு இறங்கணும்.

முதுகுடேப்
ஒரு கேள்வியை எல்லாரும் விட்டுட்டீங்க. தீட்டிக் கொடுத்தவர் முதுகுல டேப் ஒட்டினாரா? சவரக்கத்தில முதுகுதான் கோணத்தைப் பிடிக்குது. முதுகு 5.2 மில்லி, அகலம் 19 மில்லின்னா ரெண்டு பக்கமும் சேர்த்து 16 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு சுத்து எலெக்ட்ரிக் டேப் ஒட்டினா ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். டேப்போட தீட்டின கத்தியை டேப் இல்லாம கல்லுல வெச்சா பெவலோட தோள்தான் (முதுகுப் பக்கத்து ஓரம்) தேயும், வாய் கல்லைத் தொடவே தொடாது. மை அப்பவும் நூலாத்தான் நிக்கும், நீங்க உருண்டுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டு இழுத்துக்கிட்டே இருப்பீங்க.

வாரண்ணா
டேப்! ஆரம்பிச்சாச்சு.

வைரத்தூள்
பால்சால 0.1 வைரம் போட்டா டேப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

ஒத்தைக்கல்
@வைரத்தூள் உருண்ட வாயை 0.1 போட்டு நிமிர்த்த விடியுற வரைக்கும் இழுக்கணும். இன்னொண்ணு, அந்த 60,000 கிரிட் எங்கேருந்து வந்துச்சு? ஜப்பான் தரப்பட்டியல் 8000ல முடியுது, அதுக்கு சராசரித் துகள் 1.2 மைக்ரான். அதுக்கு மேல வர்ற நம்பரெல்லாம் விக்கிறவங்க போட்டுக்கிட்டது. ஒரே 0.5 மைக்ரான் பொடியை ஒருத்தர் 30,000ங்கிறார், இன்னொருத்தர் 60,000ங்கிறார். மைக்ரான்ல பேசுங்க.

@முதுகுடேப் சரியான கேள்வி, நான் கேட்டிருக்கணும்.

நுரைக்கிண்ணம்
ஒரு சந்தேகம். குரோமியம் விஷம் இல்லையா? ராணிப்பேட்டைல அதனாலதானே நிலத்தடித் தண்ணியே கெட்டுப்போச்சு? அதைத் தடவின கத்தியை முகத்துல வைக்கலாமா?

கரம்பன்
அது வேற குரோமியம். ராணிப்பேட்டைக் கழிவில இருக்கிறது ஆறு இணைதிறன் கொண்டது, தண்ணியில கரையும், புற்றுநோய் வரப்பண்ணும். பச்சைப் பொடி மூண்டு இணைதிறன், தண்ணியில கரையாது, பெயின்டுக்குப் பச்சை நிறம் குடுக்கிறதும் அதுதான். காய்ஞ்ச பொடியை மூக்கால இழுக்காதேங்கோ, கத்தியைத் துடைச்சுப்போட்டு மழியுங்கோ. அது போதும்.

வாரண்ணா
குரோமியம்னதும் ஞாபகம் வருது. அந்த பெல்ட் குரோம் பதனிட்டதா, பட்டை பதனிட்டதா? குரோம் தோல் ஷூ மேல்பாகத்துக்குன்னு செய்யிறது, மெத்துன்னு இருக்கும், இழுத்தா நீளும். வாருக்கு லாயக்கில்ல. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட விறைப்பான தோல்தான் வேணும்.

நுரைக்கிண்ணம்
குரோம் தோல்லயும் நல்லா வருதே. விலைக்கு வர்ற வார்கள்லயே அது உண்டு.

வாரண்ணா
பலகைல ஒட்டினா வரும். தொங்க விட்டா வராது.

நுரைக்கிண்ணம்
முதல்ல அப்படிச் சொல்லலையே நீங்க. "லாயக்கில்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சீங்க.

கரம்பன்
எது எண்டு பாக்கிறது லேசு. ஓரத்தில நகத்தளவு துண்டு வெட்டிக் கொதிதண்ணிக்குள்ள போடுங்கோ. பட்டைத் தோல் சுருண்டு இறுகிப்போகும், குரோம் தோல் அப்பிடியே கிடக்கும். சாயம் போடாத தோல் எண்டால் வெட்டின முகமே காட்டும். உள்ளுக்கும் பழுப்பு எண்டால் பட்டை, நீலச்சாம்பல் எண்டால் குரோம்.

ஒத்தைக்கல்
தம்பிக்கு வருவோம். அந்த பெல்ட்டைத் தூக்கிப் போடுங்க. தோல்ல ஏறின பேஸ்ட் முழுசா போகாது. பெட்ரோல் போட்டுத் துடைச்சாலும் உப்புத்தாள் போட்டாலும் உள்ள கொஞ்சம் இருக்கும். எண்ணெய் வேற குடிச்சிருக்கு. பேஸ்ட்டுக்கு ஒரு வார், சுத்தமான தோலுக்கு ஒரு வார், கலக்கவே கூடாது.

பேஸ்ட் வேணும்னா: மாடல் விமானம் செய்யிற சாமான் விக்கிற கடைல பால்சா பலகை கிடைக்கும், 30 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம். கண்ணாடி மேல 320 உப்புத்தாள் ஒட்டி அதுல தேய்ச்சு மட்டமாக்குங்க. 0.5 மைக்ரான் பொடி ஒரு மிளகளவு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, விரலால தேய்ச்சு உள்ள ஏத்துங்க. பலகை லேசாப் பச்சை பூத்த மாதிரி தெரியணும். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரிஞ்சா ஜாஸ்தி, துணியால துடைச்சு எடுங்க. கத்தி பேஸ்ட் மேலதான் போகணும், பேஸ்ட்டுக்குள்ள உழுதுட்டுப் போகக்கூடாது.

போய்வந்தா ஒண்ணுன்னு கணக்கு வெச்சு 10, அதிகபட்சம் 15. திருப்பும்போது முதுகு மேல உருட்டித் திருப்பணும். அப்புறம் கத்தியைத் துடைச்சு, துணி வார்ல 20, சுத்தமான தோல்ல 50. இந்த வரிசை மாறக்கூடாது. தினமும் பேஸ்ட் வேண்டாம், இழுக்க ஆரம்பிக்கும்போது மட்டும் போதும்.

கத்திக்கும் தேங்காய் எண்ணெய்தான் பூசுறீங்களா? அப்படின்னா துடைக்காம தீட்டாதீங்க, பிசுபிசுன்னு வார்ல ஒட்டும்.

வைரத்தூள்
பால்சா! நான் அதைத்தானே முதல்லயே சொன்னேன்.

தாடித்தம்பி (சனி, இரவு 10.15)
தீட்டினவருக்கு போன் போட்டேன், டேப் ஒட்டித்தான் தீட்டினாராம். டேப் இல்லாம இழுத்தப்ப மை நூலா நின்னுச்சு. ஒரு சுத்து ஒட்டி 8000ல இழுத்தேன், 22ல போயிடுச்சு. பேஸ்ட் போடல. கன்னம் இப்ப சரியா போகுது. தாடைக்குக் கீழ மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்குது. நன்றி எல்லாருக்கும்.

முதுகுடேப்
🙂

ஒத்தைக்கல்
சுத்தமான வார் ஏதாவது கிடைச்சுதா, இல்ல கல்லுல இருந்து நேரா முகத்துக்கா? தாடைக்குக் கீழ முடி எந்தப் பக்கமா வளருது, நீங்க எந்தப் பக்கமா மழிக்கிறீங்க?

வாரண்ணா
பழைய பெல்ட்லதான் இழுத்திருப்பார்.

கரம்பன்
தம்பி?