பிதுக்குப் பருப்பும் இரண்டு நாள் வெயிலும்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. அவருக்கு லீவு விழுகிற நாளில் பெரியவளுக்கு டியூஷன் இருக்கும். அவளுக்கு லீவு என்றால் இவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவார். இந்த மார்கழியில் மூடாப்பும் சேர்ந்துகொண்டது. ஒன்பது நாளாகத் தூறல், பனி, ஈரக்காற்று. துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்கி முக்கல் வாடை அடித்தது. அது கூடப் பரவாயில்லை. அறுத்து அடித்து வைத்த கேவுரு, அதாவது கேழ்வரகு, தார்ப்பாய்க்குள் கிடந்தது. கையை உள்ளே விட்டால் சூடு தட்டியது. ஈரத்தானியம் குவியலில் கிடந்தால் அப்படித்தான் புழுங்கும், அப்புறம் பூசணம் பிடிக்கும். மாமனார் ராத்திரியில் இரண்டு தரம் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். எதுவும் பேசமாட்டார்.

போன சனிக்கிழமை எட்டு மணிக்குப் பனி விலகிச் சுள்ளென்று வெயில் வந்தது. அன்றைக்கென்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். "ஏம்மா, அத்தன பேரையும் எழுப்பு, களத்துக்குப் போவணும்" என்று மாமியார் வாசலில் நின்றே குரல் கொடுத்தார்.

கேவுரைப் பரப்பியாயிற்று. அரை மணிக்கு ஒரு தரம் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட வேண்டும். தாத்தா முன்னால் கோடு போட்டுக்கொண்டே போனார். ஆறு வயதுச் சின்னவன் அந்தக் கோட்டிலேயே பின்னால் போனான். மதியத்துக்குள் அவனுக்கு நடை பிடிபட்டுவிட்டது.

முந்தின ராத்திரியே அவரைக்கொட்டையை ஊறப் போட்டிருந்தேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மார்கழி, தை என்றால் பிதுக்குப் பருப்புதான். களத்து ஓரத்தில் பாயைப் போட்டு, குண்டானை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். கொட்டையை விரலால் அமுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் போய் விழும். இரண்டு படி பிதுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவும் மகளும் எதிரெதிரே அவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆனதோ! ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்வீங்கப்பா, மெஷின் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீங்க என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே தெரியாத பதில்களை அவர் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். மதியம் களியும் அந்தப் பருப்புக் குழம்பும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். காமராஜர் முதல்வராக இருந்தபோது 1957-ல் திறந்த அணை, முழு நீர்மட்டம் 52 அடி. நிறையத் தண்ணீர் திறந்தால் முன்னால் இருக்கிற தரைப்பாலம் மூழ்கிவிடும், பூங்காவுக்குப் போக விடமாட்டார்கள். மீன் வறுக்கிற அம்மா, "நாலு நாளா அடுப்பே பத்தவெக்கல கண்ணு, இன்னிக்குத்தான் ஜனம் வருது" என்று சொல்லிச் சின்னவன் இலையில் ஒரு துண்டு கூட வைத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெயில் நாள் இருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

எங்கள் கதை தலைகீழ். தம்பி ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறான். வெயில் அடித்துத் தண்ணீர் குறைந்தால் அவன் வீட்டில் இருக்கமாட்டான். காலையில் எழுந்ததும், காவிரி தமிழ்நாட்டுக்குள் வருகிற பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி தண்ணீர் என்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டில் முதல் வேலை. கர்நாடகத்தில் மழை பெய்து கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால், இங்கே ஒரு சொட்டு விழாவிட்டாலும் அருவியில் குளிக்கவும் பரிசலுக்கும் தடை. தடை இருக்கிற நாளெல்லாம் அவன் வீட்டில்தான், ஆனால் சிரித்துப் பார்க்க முடியாது.

ஒரு தரம் பன்னிரண்டு நாள் கழித்துத் தடை நீங்கியது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. புளிசோறு கட்டிக்கொண்டு நாங்கள் ஏழு பேரும் அவன் இருக்கிற இடத்துக்கே போய்விட்டோம். அங்கேயே மீன் வாங்கி, சமைத்துத் தருகிற அக்காவிடம் கொடுத்தோம். இரண்டு சவாரிக்கு நடுவில் கால் மணி நேரம்தான் கிடைத்தது. ஈரக் காலோடு சூடான பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். "சோறு எப்படிடா இருந்தது" என்று அம்மா கேட்டது அவன் காதில் விழவே இல்லை.

பிதுக்குப் பருப்புக்குத் தேங்காய் அரைத்தீர்களா?

ஊத்தங்கரையிலிருந்து:

2024 ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் எங்கள் ஊரில் 503 மில்லிமீட்டர் மழை. ஏரித் தண்ணீர் ரோட்டில் நின்ற வண்டிகளையே இழுத்துப் போனது. எங்கள் வீட்டுக்குள் முட்டி வரைக்கும் வந்தது.

அப்புறம் நல்ல வெயில் வந்த அன்று, தெருவில் வீட்டுக்கு வீடு கட்டில் வெளியே வந்துவிட்டது. எங்கள் கட்டிலில் ரேஷன் கார்டு, பத்தாவது மார்க் ஷீட், நிலப் பத்திரம், கல்யாண ஆல்பம். போட்டோக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பாதி முகம் போய்விட்டது. மீதிப் பாதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டுப் பேரும் தலையை நீட்டிக் கண்டுபிடித்தோம். இறந்துபோன மாமாவின் முகம் அழியாமல் இருந்தது. மகிழ்ச்சி என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நாளை நான் தொலைக்கமாட்டேன்.

காவேரிப்பட்டணம்:

பென்னாகரம் அக்கா, தேங்காயோடு கொஞ்சம் சோம்பும் பட்டையும் வைத்து அரைத்தேன். பருப்பு கரையக்கூடாது, பாதி வெந்ததும் அரைத்ததை ஊற்றிவிடுங்கள்.

ஊத்தங்கரைக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு போட்டோவைப் பெரிதாக்கி வையுங்கள்.

கேவுரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஞாயிறு பொழுது சாயும்போது மாமனார் நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'நறுக்'கென்று சத்தம் கேட்டது. "கட்டிரலாம்" என்றார். ஏழு மூட்டை. அன்றைக்கு ராத்திரி அவர் எழுந்திருக்கவில்லை.