ஃபெரோ ராடுக்கு என்ன பெயர்? சிக்கிமுக்கி மட்டும் வேண்டாம்

எஃகுத் தகட்டால் சுரண்டினால் தீப்பொறி கொட்டும் உலோகக் கோல்தான் ஃபெரோ ராடு. அதற்குத் தமிழில் பெயர் தேடும்போது ஒருவர் சொன்னது:

> ஃபெரோ ராடுக்குச் 'சிக்கிமுக்கித் தண்டு' என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். அப்படிப் புரிந்துகொண்டு ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் வத்தல்மலையில் நண்பனுடைய காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டோம் (பட்டா நிலம்தான், காப்புக்காட்டுக்குள் தீ மூட்டினால் வழக்கு). சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி நமுத்துப்போய், பக்கவாட்டு மருந்துப் பட்டை விரலோடு வழிந்து வந்தது, அதிலிருக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் போனால் குச்சி காய்ந்திருந்தும் பிரயோசனமில்லை. லைட்டர் சக்கரமும் நனைந்து வெறுமனே சுற்றியது. மிச்சமிருந்தது ஃபெரோ ராடு. கடைக்காரர் அதைச் சிக்கிமுக்கிக் கல் என்று சொல்லித்தான் விற்றிருந்தார், நானும் கல்லைத் தட்டுவது மாதிரி டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தேன். மேலே இருக்கும் கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது.

சிக்கிமுக்கியில் கல் கெட்டி. அது எஃகைச் சீவும், சீவி விழும் எஃகுத் துகள்தான் பொறி. ஃபெரோ ராடில் அப்படியே தலைகீழ்: கோல்தான் மெது, கோல்தான் சீவப்படுகிறது. இரும்போடு சீரியம், லாந்தனம் முதலான அருமண் உலோகங்கள் கலந்த கலவை அது, ஆஸ்திரியாக்காரர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றது. துகள் காற்றில் பட்டதும் தானே பற்றி ஏறக்குறைய 3000 டிகிரி செல்சியஸ் வரை போகும். லைட்டருக்குள் நாம் 'கல்' என்று போடுகிறோமே, அதுவும் இதே கலவைதான், கல்லே கிடையாது! குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர் 'ஞெலிகோல்' என்று எழுதியிருந்தார். தர்மபுரிக்காரனுக்கு அந்தச் சொல்மேல் ஆசை இல்லாமல் இருக்குமா? நம் தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்) அதியமான் அஞ்சியை, வீட்டு இறப்பில் (கூரையின் தாழ்ந்த விளிம்பில்) செருகி வைத்த ஞெலிகோல் போல இருக்கும் இடம் தெரியாமலும் இருப்பான், வெளிப்பட்டால் அதிலிருந்து எழும் தீயைப் போலவும் தெரிவான் என்று ஔவை பாடியது புறநானூறு 315. ஆனால் ஞெலிதல் என்றால் கடைதல், மரத்தோடு மரத்தைக் கடைந்து தீ உண்டாக்குவது. நனைந்தால் அது வேலைக்காகாது, இறப்புக்கடியில் செருகி வைத்ததே அதனால்தான் இருக்கும். ஃபெரோ ராடையோ தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டு உடனே உரசலாம். மழையில் கைகொடுக்கும் பொருளுக்கு, மழைக்கு ஒதுங்கும் பொருளின் பெயர் எதற்கு?

'பொறிக்கோல்' அழகுதான், ஆனால் பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறி, எழுத்துப் பொறிப்பது என்று ஏகப்பட்டது வந்து நிற்கும்.

என் பரிந்துரை உரசுகோல். எழுதுகோல், ஊன்றுகோல் மாதிரி, கையில் எடுத்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். கூட வரும் எஃகுத் தகட்டுக்குச் 'சுரண்டி' போதும்.

> தீக்குச்சியையும்தானே உரசுகிறோம்? சீவுகோல் என்றால் இன்னும் சரியாக இருக்குமே அண்ணா.

தீக்குச்சிக்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே தம்பி. சீவுகோல் என்று கேட்டால் கடைக்காரர் சீப்பை எடுத்து நீட்டுவார். ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, லேசாக உரசினால் பொறி வராது, அழுத்திச் சீவ வேண்டும். சுரண்டியை முன்னால் தள்ளினால், பொறி விழுந்து பற்றிக்கொள்ளக் குவித்து வைத்த பஞ்சு சிதறிப்போகும், அதனால் சுரண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு கோலைப் பின்னால் இழுப்பது நல்லது. பஞ்சில் கொஞ்சம் வாசலின் தேய்த்து டப்பாவில் அடைத்து வையுங்கள், காற்றிலும் சில நிமிடம் நின்று எரியும். வாங்கும்போது சுண்டுவிரல் பருமனாவது இருக்கிறதா என்று பாருங்கள், சாவிக்கொத்தில் தொங்குகிற ஈர்க்குச்சி ரகம் குளிரில் விறைத்த விரலுக்குப் பிடிபடாது.

அந்தப் பஞ்சுக்கு ஒரு சொல் இன்னும் பாக்கி. 'பற்றுபஞ்சு' என்று எழுதிப் பார்த்தேன், தேங்காய் நாரை வைத்தால் அதற்கும் பொருந்தவில்லை. யாராவது சொல்லுங்கள்.