பழைய மேனேஜர் என்னைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருக்கிறார், ஆஃபர் போய்விடுமா?

கேள்வி: அம்பத்தூர்_அக்கவுண்ட்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் நாலு வருடம் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். ஜனவரி கடைசியில் ரிசைன் செய்தேன். நோட்டீஸ் 90 நாள். 60 நாள் வேலை பார்த்துவிட்டு மீதி 30 நாளுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், ஹெச்ஆர் மெயிலில் சரி என்று சொல்லி, செட்டில்மென்ட்டில் பிடித்தும் விட்டார்கள். ரிலீவிங் லெட்டர் கையில் இருக்கிறது. ஆனால் மேனேஜருக்கு, இயர் எண்டிங் நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று கோபம், கடைசி நாள் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது, சேர இன்னும் 15 நாள்தான். நேற்று அவர்கள் ஹெச்ஆர் போன் செய்து, "நோட்டீஸ் முடிக்காமல் ஓடிப்போனவர், திரும்ப எடுக்க மாட்டோம் என்று உங்கள் பழைய மேனேஜர் வெரிஃபிகேஷனில் சொல்லியிருக்கிறார், என்ன விஷயம்?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் எல்லாம் முடிந்து கடைசியில் பதிலே வராமல் போனது, அதுவும் இதனால்தானோ என்று தோன்றுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில் 1: முன்னாள்_பிஜிவி

நான் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஏஜென்சியில், அதாவது புதிதாகச் சேர்பவரின் பழைய வேலை விவரத்தைக் கம்பெனிக்காகச் சரிபார்க்கும் இடத்தில், ஆறு வருடம் இருந்தவன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் மேடம், ஹெச்ஆர் பதிவு வேறு, மேனேஜர் அபிப்பிராயம் வேறு. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பாக்கி ஏதும் உண்டா என்பதெல்லாம் ஹெச்ஆர் சொல்ல வேண்டியது. மேனேஜர் போனில் சொல்வதை ஏஜென்சி அப்படியே எழுதி, ரிப்போர்ட்டில் எச்சரிக்கையாக மஞ்சளோ சிவப்போ போட்டு அனுப்பிவிடும். ஆளை எடுப்பதா வேண்டாமா என்பது புதுக் கம்பெனி கையில். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்றாலே அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

அதனால் இன்று ராத்திரியே மெயில் போடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் பணம் பிடிக்க ஹெச்ஆர் ஒப்புக்கொண்ட மெயில், பிடித்தம் தெரியும் செட்டில்மென்ட் தாள், ரிலீவிங் லெட்டர், யுஏஎன் (பிஎஃப் எண்) போர்ட்டலில் வரும் சர்வீஸ் ஹிஸ்டரி, இந்த நாலையும் சேர்த்து அனுப்புங்கள். நாலைந்து வரி போதும். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை கூட வேண்டாம். அவர் குணத்தை நீங்கள் விளக்க ஆரம்பித்தால் அது சண்டையாகத் தெரியும், தாள் பேசட்டும். "பழைய கம்பெனி ஹெச்ஆரின் அலுவலக மெயிலுக்கு எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்" என்று முடியுங்கள். ரெஃபரன்ஸுக்கு வேறு ஆள் பெயரும் கொடுங்கள். அக்கவுண்ட்ஸ் என்கிறீர்கள், வருடா வருடம் ஆடிட்டுக்கு வந்தவர்களில் உங்கள் வேலையைப் பார்த்தவர் யாராவது இருப்பாரே, அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பதில் 2: கோவைக்காரன்

எனக்கும் இதே கதை நடந்தது சகோ. நண்பன் ஒருவனை வேறு கம்பெனி ஹெச்ஆர் மாதிரி போன் செய்யச் சொல்லி, என்ன சொல்கிறார்கள் என்று ரெக்கார்ட் பண்ணினேன். நீங்களும் செய்து பாருங்கள், குறைந்தது உண்மை தெரியும்.

பதில் 3: வக்கீல்_தோழி

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆள்மாறாட்டம் என்று உங்கள் மேலேயே திரும்பும், நேர்மையாக இருக்கும் உங்கள் பக்கம் கெட்டுப்போகும். அதற்குப் பதில், மேனேஜர் சொன்னது என்ன என்பதைப் புது ஹெச்ஆரிடம் மெயிலில் எழுதித் தரக் கேளுங்கள்.

சட்டம் உங்களுக்கு உதவும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. "வேலை சுமார்தான்" என்று நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னால் அவதூறு ஆகாது, அதற்கு விதிவிலக்கு உண்டு. "ஓடிப்போனவர்" என்பது அப்படியில்லை, அவர்கள் கொடுத்த தாளே அதைப் பொய் என்கிறது. அவதூறுக்கான சட்டப் பிரிவு முன்பு ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 499, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 356. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனாலும் இந்த 15 நாளில் கோர்ட்டைப் பற்றி யோசிக்காதீர்கள், வேலைதான் முக்கியம். பழைய கம்பெனி ஹெச்ஆருக்கும் மேனேஜருக்கு மேலே இருப்பவருக்கும், "பதிவில் இருப்பதை மட்டும் சொல்லும்படி மேனேஜருக்கு அறிவுறுத்துங்கள்" என்று மரியாதையாக ஒரு கடிதம் போதும். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும், கம்பெனிக்கும் வம்பு வேண்டாம் அல்லவா.

கேட்டவர்: அம்பத்தூர்_அக்கவுண்ட்ஸ்

மூன்று பேருக்கும் நன்றி. ராத்திரியே மெயில் போட்டுவிட்டேன், யாரையும் குறை சொல்லவில்லை. காலையில் புது ஹெச்ஆர், பழைய ஹெச்ஆருக்கே எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆடிட்டுக்கு வந்த அக்காவிடம் பேசினேன், தாராளமாகப் பெயர் கொடு என்றார். பழைய கம்பெனிக்குக் கடிதத்தை இன்று எழுதுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.