யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஏன் ஐந்து மூலை?

கேள்வி (வரலாற்று ரீச்சர்):
வருகிற சனிக்கிழமை தரம் எட்டுப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன். கட்டியது போர்த்துக்கேயரா, ஒல்லாந்தரா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். "ஏன் ஐந்து மூலை?" என்று ஒரு பிள்ளை கேட்டான், பதில் தெரியவில்லை.

பதில் (பண்ணைக்காரன்):
இரண்டு பேரும்தான். 1619இல் இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பிறகு இடித்து ஐங்கோணமாக எழுப்பினார்கள்.

பதில் (பழைய மேசன்):
ரீச்சர், மூலைக்குக் காரணம் பீரங்கி. நேர்ச் சுவர் மட்டும் இருந்தால், அதன் அடியில் வந்து ஒட்டி நிற்கிற எதிரியை மேலே நிற்பவனால் சுட முடியாது. மூலையில் கொத்தளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துச் சுவரின் அடி முழுக்க அங்கிருந்து தெரியும். பிள்ளைகளை ஒரு கொத்தளத்தில் ஏற்றி, அடுத்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். விளங்கிவிடும். அவற்றுக்கு ஒல்லாந்து மாகாணங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள்.

வெளி அரண்கள் முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், ஒரு வெடி கூட வைக்காமல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பேருடைய உழைப்பு! அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது.

ஆனால் நான் காட்ட விரும்புவது கல்லைத்தான். அது முருகைக்கல், கடலில் வளர்ந்தது. கிட்டப் போனால் தேன்கூடு போலக் கண்கள் தெரியும். சில கல்லில் மூளை மடிப்புப் போல வரி ஓடும், இடையில் சிப்பி ஒட்டியிருக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும், வெயிலில் திரும்ப வெளுக்கும். அதனால்தான் சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, கல் பொரிந்து கொட்டும். என் அப்பாவிடம் தொழில் பழகிய காலத்தில் ஒரு வீட்டுச் சுவரில் அந்தப் பிழையை நானே செய்தேன். இரண்டு மாரி தாங்கவில்லை.

உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. போரில் போய்விட்டது. சிறுவயதில் அதன் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களின் மேல் நடந்திருக்கிறேன், வெறுங்காலுக்கு அப்படிக் குளிரும். போருக்குப் பிறகு நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைத் திருத்தினார்கள். பழைய கல்லையும் புதுக் கல்லையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

வரலாற்று ரீச்சர்:
நன்றி ஐயா. கல்லைத் தொட விடலாமா?

பழைய மேசன்:
தொடட்டும் ரீச்சர், உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். நகத்தால் சுரண்ட மட்டும் விடாதீர்கள், மாவாக உதிரும். வெயில் ஏற முன்னம் முற்றவெளிப் பக்கத்தால் வாருங்கள், அந்த நேரச் சாய்வு வெளிச்சத்தில்தான் கண்கள் வடிவாகத் தெரியும்.